தண்ணீரா, மாஸ்க்கா? கல்குவாரித் தூசுக்கு எது முதலில்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பக்கத்துக் குவாரிகளில் தூசு என்றால் பலரின் கை முதலில் துவர்த்துக்குத்தான் (துண்டுக்குத்தான்) போகும். மூக்கைச் சுற்றி ஒரு கட்டு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற தூசுக்கு அது போதும். நுரையீரலின் அடிவரை இறங்கும், பாறையிலுள்ள சிலிக்கா என்ற கனிமத்தின் துகளோ 5 மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும், சிறியது. துவர்த்தின் இழைகளுக்கிடையே சாவகாசமாக நுழைந்துவிடும். அதனால் துவர்த்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என்95 மாஸ்க் 0.3 மைக்ரான் துகளில்கூட 95 சதவீதத்தைப் பிடிக்கும். ஆனால் முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் காற்று கசியும். பங்குனி வெயிலில் பாறையில் துளையிடும் ஜாக்ஹாமரைப் பிடிப்பவர் அரை மணி நேரத்தில் அதைத் தாடைக்கு இறக்கிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

தண்ணீர் முறை வேறு மாதிரி. துளைக்கம்பியின் நடுவழியே தண்ணீர் விட்டால், வெள்ளைப் புகையாகக் கிளம்ப வேண்டியது சாம்பல் நிறக் குழம்பாகத் துளையோரம் வழியும். டிரில்காரர் மட்டுமல்ல, கீழே கல் ஏற்றுபவரும் தப்பிப்பார். தொல்லையும் உண்டு: கோடையில் டேங்கர் தண்ணீருக்குக் காசு, கல் உடைக்கும் கிரஷரில் அளவு மீறித் தெளித்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும்.

என் ஓட்டு தண்ணீருக்கு. மாஸ்க் அதற்குக் கூடுதல் துணைதான். சிலிக்காத் தூசால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. தண்ணீர் தெளித்த குவாரியிலும், சாயங்காலம் உடுப்பை உதறும்போது மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்.