சாகா, கஞ்சில், வீரா, மைவி: தோட்டத்துப் பாதைக்கு எது தாங்கும்?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒரு குடும்பம் இதுவரை வைத்திருந்த காடிகளை (கார்களை) கேட்டால், இந்த நான்கில் குறைந்தது இரண்டு பெயர் வந்துவிடும்: 1985-இல் வந்த புரோட்டோன் சாகா (1992 முதல் ஈஸ்வரா), 1993-இன் வீரா, 1994-இன் பெரோடுவா கஞ்சில், 2005-இன் மைவி. நான்கும் இன்னும் ஓடுகின்றன, இன்னும் கைமாறுகின்றன. வாங்குபவர்கள் இஞ்சினைத்தான் முதலில் கேட்கிறார்கள். செம்பனைக் குலை லோரிகள் உழுதுபோட்ட செம்மண் பாதையில் முதலில் அடிவாங்குவது அடிப்பாகமும் ரேடியேட்டரும். அதனால் ஒப்பீட்டையும் அங்கிருந்தே தொடங்குவோம்.

கஞ்சிலுக்குப் பெட்ரோல் செலவு மிகக் குறைவு. 660 அல்லது 850 சிசி, மூன்று சிலிண்டர், சின்ன உடம்பு. லயத்து வரிசை வீடுகளின் சந்துக்குள்ளும் திருப்பிவிடலாம். ஆனால் சூடேறினால் மன்னிக்காது. ரேடியேட்டர் சிறியது, இஞ்சின் ஹெட் அலுமினியம். சேறு காய்ந்து ரேடியேட்டர் தகடுகளை அடைத்துக்கொண்டால் காற்று புகாது. குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டினால் உள்ளே துருவும் சேரும். ஒரே ஒரு முறை டேஷ்போர்டின் சூட்டு முள் சிவப்பைத் தொட்டாலும் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகலாம். வாங்கும்முன் காலையில், இஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். இஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை ஒட்டியிருந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பேரம் பேசாமல் திரும்பிவிடலாம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால் முதல் வேலையாக அதை மாற்றுங்கள், கூடவே வாட்டர் பம்பையும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே கழற்றல்தான், கூலி மிச்சம்.

சாகாவும் ஈஸ்வராவும் சொந்தமாக ஸ்பேனர் பிடிப்பவர்களின் காடி. பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும். பெரும்பாலானவை கார்புரேட்டர் இஞ்சின் என்பதால் பழுதைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். ஐட்லிங் ஏறி இறங்கினால் முதலில் வேக்குவம் ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். வெயிலில் காய்ந்து வெடித்திருக்கும். பெட்ரோல் வாடை அடித்து, கரும்புகை வந்தால் கார்புரேட்டரின் மிதவை ஊசி சரியாக மூடுவதில்லை. ரிப்பேர் கிட் போட்டால் தீரும். இவற்றின் எதிரி துரு. பூட் கம்பளத்தைத் தூக்கி, ஸ்பேர் டயர் குழியில் டார்ச் அடித்துப் பாருங்கள். கதவின் கீழ்விளிம்பை விரலால் அழுத்துங்கள். புட்டி பூசி மறைத்திருந்தால் தட்டும்போது சத்தம் மந்தமாக வரும். இஞ்சினை எத்தனை முறை வேண்டுமானாலும் பிரித்துப் போடலாம், இற்றுப்போன சேசியை (அடிச்சட்டத்தை) காப்பாற்றுவது கடினம்.

வீராவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐந்து பேர் ஈப்போவுக்குப் போய்வர, கஞ்சிலைவிட இடமும் நிதானமும் இதில் அதிகம். ஆனால் பின்பக்கம் மல்டிலிங்க் அமைப்பு: சக்கரத்தைப் பல கம்பிகள் பிடித்திருக்கும், அவற்றின் மூட்டுகளில் ரப்பர் புஷ்கள் பல. பள்ளம் நிறைந்த பாதையில் அவை ஒவ்வொன்றாய்த் தளர்ந்து வால் ஆடத் தொடங்கும், பின்டயர் ஒருபக்கமாய்த் தேயும். அத்தனையையும் ஒரே தடவையில் மாற்றினால்தான் அலைன்மெண்ட் நிற்கும். இஞ்சினுக்குப் பின்னால் ஓடும் இரும்புத் தண்ணீர்க் குழாய் துருப்பிடித்து ஒழுகுவதையும், பவர் விண்டோ பாதியில் நிற்பதையும் எதிர்பார்த்தே வாங்குங்கள்.

முதல் தலைமுறை மைவியில் டைமிங் செயின், அதனால் பெல்ட் கவலை இல்லை. பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டான டார்ஷன் பீம். புஷ்கள் குறைவு, செலவும் குறைவு. ஆனால் இதில் கவனிக்க வேண்டியது இஞ்சின் எண்ணெய்தான். 1.3 இஞ்சினுக்கு ஏறக்குறைய 3 லிட்டரே பிடிக்கும் என்பதால், அரை லிட்டர் குறைந்தாலும் பெரிய குறைவு. எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போட்டவர்களின் மைவி, காலை ஸ்டார்ட்டில் கரகரவென்று செயின் சத்தத்தால் காட்டிக்கொடுக்கும். முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் அப்சார்பர் மவுண்டிங்கை முதலில் சந்தேகியுங்கள்.

நான்குமே முன்சக்கர இழுவை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் டிரைவ் ஷாஃப்ட் ரப்பரைப் பாருங்கள். கிரீஸ் சிதறியிருந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது. செம்மண் உள்ளே போவதற்குள் மாற்றினால் ரப்பர் செலவோடு போகும்; முழுதாக ஒடித்து ஓட்டும்போது 'டக் டக்' கேட்டுவிட்டால் ஜாயிண்டே மாற்ற வேண்டும்.

பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் (வாகனப் பரிசோதனை நிறுவனம்) சோதனையில் சேசி எண்ணையும் இஞ்சின் எண்ணையும் பார்ப்பார்கள். பழைய சாகாவில் துரு அந்த எண்ணைத் தின்றிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே துடைத்துப் பாருங்கள்.

தினமும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் வீட்டுக்கு, எண்ணெய் ஒழுங்காக மாற்றிய மைவியே என் முதல் தேர்வு. வீட்டில் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இருந்தால் துருவில்லாத ஈஸ்வரா. கஞ்சில் டவுன் எல்லைக்குள் மட்டும் ஓடுபவர்களுக்கு. வீராவை, புஷ் செலவையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே எடுங்கள்.