சரிவு நிலத்தில் பிக்கிள்பால் தளம் போடப் போகிறீர்களா? எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்

அரிசோனாவில் ஸ்காட்ஸ்டேலுக்கு வடகிழக்கே, ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸில் இருக்கிறோம். போன வருடம் வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு பிக்கிள்பால் (டென்னிஸ் மாதிரி, சின்ன மட்டையால் வலைக்கு மேல் பந்தடிக்கும் ஆட்டம்) தளம் போட்டோம். 78,000 டாலர் பேசி, 70,000 கொடுத்தாகிவிட்டது. அந்தக் கோடையின் முதல் பெருமழையிலேயே தளத்தின் ஒரு மூலை 5 அங்குலம் இறங்கிவிட்டது. முகநூலில் நான் போட்ட பழைய படங்களைப் பார்த்து இரண்டு பேர் அந்தக் கான்ட்ராக்டரின் நம்பர் கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டக் கோட்டுக்குள் தளம் 20 அடிக்கு 44 அடிதான். ஆனால் ஓடி ஆட இடம் விட்டால் 34க்கு 64 வேண்டும். எங்கள் நிலம் அந்த 34 அடி அகலத்திலேயே கிட்டத்தட்ட 7 அடி இறங்குகிறது. அப்படியென்றால் மேட்டுப் பக்கம் 3 அடி வெட்டி, அந்த மண்ணைப் பள்ளத்துப் பக்கம் 4 அடிக்கு நிரப்பி, அது சரியாமல் ஒரு தடுப்புச் சுவர் கட்டியாக வேண்டும். மூன்று பேர் விலை கொடுத்தார்கள். இரண்டு பேர் ஒரு லட்சத்துக்கு மேல் சொன்னார்கள், முதலில் மண் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் சொன்னார்கள். மூன்றாவது ஆள், "இது வீடில்லை, விளையாட்டுத் தளம். மண் பரிசோதனை வீண் செலவு. நான் போடுவது போஸ்ட் டென்ஷன் கான்கிரீட். உள்ளே இரும்புக் கேபிள் இழுத்து முறுக்கியிருக்கும், எந்த மண்ணிலும் அசையாது" என்றார். நாங்கள் அவரை நம்பினோம்.

கேபிள் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மை. கான்கிரீட் விரிசல் விடாமல் கேபிள் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் அடியில் மண் இறங்கினால் அந்தப் பலகை முழுசாக, சாப்பாட்டுத் தட்டு சாய்வது போல, சாய்ந்துவிடும். எங்கள் தளத்துக்கு நடந்தது அதுதான். மேட்டுப் பாதி கலிச்சே என்கிற சுண்ணாம்புக் கெட்டித் தரையில் உட்கார்ந்திருக்கிறது. உளி வைத்து அடித்தாலும் சில்லுச் சில்லாகத்தான் பெயரும். பள்ளத்துப் பாதி உட்கார்ந்திருப்பது வெறும் பொடிமண்ணில்.

நிரப்பிய மண்ணைக் கெட்டிப்படுத்த ஒரு முறை இருக்கிறது. 8 அங்குலத்துக்கு மேல் போகாமல் ஒரு அடுக்கு போட்டு, தண்ணீர் விட்டுப் பதமாக்கி, ரோலர் ஓட்டி, அப்புறம்தான் அடுத்த அடுக்கு. ஆய்வகத்தில் அந்த மண் எட்டக்கூடிய உச்ச அடர்த்தியில் 95 சதவீதமாவது வந்திருக்க வேண்டும். அதை அளக்க ஒரு கருவியோடு ஆள் வருவார், செலவு சில நூறு டாலர்தான். இந்த ஆள் நான்கு அடியையும் ஒரே நாளில் புல்டோசரால் தள்ளிவிட்டு, அதன்மேலேயே முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டினார். அவ்வளவுதான். தண்ணீர் விடவே இல்லை.

ஏன் விடவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. எங்கள் பகுதியில் பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, லாரியில்தான் வரும். 2023 ஜனவரி 1 அன்று ஸ்காட்ஸ்டேல் நகரம் லாரிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதை நிறுத்தியபோது நாங்கள் பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். மண்ணை நனைக்க லாரி லாரியாகத் தண்ணீர் வாங்கியிருக்க வேண்டும். அந்தக் காசைத்தான் அவர் மிச்சம் பிடித்தார். அதற்கென்று விலைப்பட்டியலில் எங்களிடம் தனியாகப் பணமும் வாங்கியிருந்தார்.

அப்போது என் அப்பா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். புல்டோசர் கிளப்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டே நின்றவர், "ஏம்மா, பேஸ்மட்டத்துக்கு மண் நிரப்பினால் தண்ணி கட்டித்தானே திமிசு போடுவாங்க? இவங்க காய்ஞ்ச மண்ணையே அமுக்குறாங்களே" என்றார். "இங்கே முறை வேறப்பா" என்று சொல்லி அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டேன். முறை வேறு இல்லை. அப்பா சொன்னதுதான் இங்கேயும் முறை. அதைக் கேட்டு அன்றைக்கே வேலையை நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்காத நாளில்லை.

மழைக்கு மறுநாள் காலை பந்தை நடுக்கோட்டில் வைத்தேன். அது தானாக உருண்டு வடகிழக்கு மூலைக்குப் போய் வேலியில் முட்டி நின்றது. வலைக்கம்பம் ஒன்று சாய்ந்திருந்தது. சுவர் ஓரமாகக் குனிந்து பார்த்தால் கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே இடைவெளி. கையை விட்டேன், முழங்கை வரை போனது. விரலில் ஒட்டிய மண் மேலே ஈரம், அடியில் கோதுமை மாவு மாதிரி காய்ந்த தூள். பாலைவனத்து மண்ணில் ஒரு வகை அப்படித்தானாம். காய்ந்திருக்கும்வரை கெட்டியாக நிற்கும், முதல் தடவை நன்றாக நனைந்ததும் சட்டென்று அமுங்கிவிடும். மேட்டிலிருந்து வரும் மழைநீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வெட்டியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. தண்ணீர் நேராகத் தளத்துக்கு அடியில் போய்விட்டது.

சுவரிலும் ஏமாற்று. "நாலடிச் சுவர்தான், நாலடிக்கு மேல் போனால்தான் அனுமதி வேண்டும்" என்றார். அந்த நாலடியை அஸ்திவாரத்தின் அடியிலிருந்து அளக்க வேண்டும். வெளியே தெரிகிற உயரத்தை வைத்து அவர் எங்களை ஏய்த்துவிட்டார். 15 சதவீதமும் அதற்கு மேலும் சரிவுள்ள நிலத்துக்கு எங்கள் மாவட்டமான மாரிகோபா கவுண்டியில் தனி விதிகள் உண்டு, எங்கள் நிலம் அதில் வருகிறது. இதையும் அவர் மூச்சுவிடவில்லை. சுவருக்குப் பின்னால் ஜல்லி இல்லை, தண்ணீர் வடிய ஓட்டையும் இல்லை. இப்போது நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது.

மண்வேலையைக் குறைக்கத் தளத்தையே கிழக்கு மேற்காகத் திருப்பிப் போட்டுவிட்டார். வெட்டவெளித் தளம் வடக்கு தெற்காக இருக்க வேண்டும். சாயங்காலம் ஒரு பக்கத்து ஆட்டக்காரருக்குக் கண்ணில் வெயில் நேராக அடிக்கிறது.

இதையெல்லாம் விட முக்கியமானது லைசென்ஸ். விலைப்பட்டியலின் மேலே ஒரு எண் அச்சடித்திருந்தது, அதைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டோம். கான்ட்ராக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் மாநில அலுவலகமான அரிசோனா ரெஜிஸ்ட்ரார் ஆஃப் கான்ட்ராக்டர்ஸின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. மழைக்குப் பிறகுதான் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஒருவருடைய எண், அதுவும் பெயின்டிங் வேலைக்கு உள்ளது. எண் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். யார் பேரில் இருக்கிறது, எந்த வகை வேலைக்கு, இன்னும் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் உள்ளவர் வீட்டு வேலையைக் கெடுத்தால் மாநிலத்தின் இழப்பீட்டு நிதியிலிருந்து 30,000 டாலர் வரை கேட்கலாம். லைசென்ஸ் இல்லாதவரிடம் கொடுத்திருந்தால் அந்த வழி அடைந்துவிடும். எங்களுக்கு அடைந்துவிட்டது.

பாக்கி 8,000 டாலரை நிறுத்தி வைத்ததும் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினார். நாங்கள் பார்த்த வக்கீல், லைசென்ஸ் இல்லாதவர் கூலி கேட்டு இங்கே கோர்ட்டுக்குப் போக முடியாது, லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலை செய்வதே குற்றம் என்றார். புகார் கொடுத்திருக்கிறோம். யாராவது இப்படி மாட்டியிருந்தால் அந்த மிரட்டலுக்குப் பயந்து பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது திருத்த வந்திருக்கும் மண் பொறியாளர் ஒரு விஷயம் சொன்னார். கான்கிரீட் லாரி வருவதற்கு முன்னால், ஒவ்வொரு அடுக்குக்கும் எடுத்த அடர்த்திச் சோதனைத் தாளைக் கையில் வாங்கிவிட்டுத்தான் அடுத்த தவணை தர வேண்டும், அந்த வரி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். சோதனைக்கு வருகிறவர் கான்ட்ராக்டரின் ஆளாக இல்லாமல் நீங்கள் பணம் கொடுத்துக் கூப்பிட்டவராக இருக்கட்டும். வேலை முடிந்ததும் தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். தேங்கி நிற்கும் இடத்தில் ஒரு ஐந்து சென்ட் நாணயத்தை வைத்தால் அது முழுகக் கூடாது. இந்தச் சோதனையை நாங்கள் கேட்டபோது, "தண்ணீருக்கு வீண் செலவு" என்று அந்த ஆள் தட்டிக் கழித்தார். அதை நாங்கள் விட்டிருக்கக் கூடாது.

பள்ளத்துப் பாதியை உடைத்தெடுத்து மண்ணை மறுபடி அடுக்கடுக்காகப் போட 61,000 டாலர் கேட்கிறார்கள். அது இப்போதைக்கு முடியாது. ஆனால் சுவருக்குக் கீழே பக்கத்து வீட்டுக்காரரின் குதிரைக் கொட்டகை இருக்கிறது. ஜூன் 15 மழைக்காலத் தொடக்கம். அதற்குள் சுவரைப் பிரித்து மண் பாரத்தைக் குறைத்தாக வேண்டும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை ஆட்கள் வருகிறார்கள். இவர்களுடைய லைசென்ஸை நானும் என் கணவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டோம்.