எங்கள் ஆபீஸ் நூலகம்: செலவழிக்கிற காசுக்குத் தகுமா?

ஒன்பது வக்கீல்கள் இருக்கும் ஆபீஸ் எங்களுடையது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2004 ஜூலையில் வந்தபோது சீனியர் மாடியில் ஒரு நூலகம் போட்டார், அதற்கு ஒரு நூலகரையும் வைத்தார். இன்று அவர் சம்பளம், ஜர்னல் சந்தா, ஆன்லைன் சந்தா எல்லாம் சேர்ந்து மாதம் நாற்பதாயிரத்தைத் தாண்டுகிறது. "உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் 2023லிருந்து அந்த நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றனவே, இது இன்னும் தேவையா?" என்று இந்த வருஷக் கணக்கின்போது கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

நூலக மேஜையில் ஒரு நோட்டு வைத்து, யார் என்ன கேட்டார்கள், எவ்வளவு நேரம் ஆனது என்று மூன்று மாதம் எழுதினேன். முதல் மாதம் 61 கேள்விகள். பாதிக்கு மேல் "அந்த வால்யூமை எடுத்துத் தாங்கண்ணே" ரகம். இதற்கு ஒரு ஆள் வேண்டியதில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம் ஜூனியர் தம்பி ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "அண்ணே, 482இல் லேட்டஸ்ட் தீர்ப்பு ரெண்டு வேணும்."

"எந்த 482 தம்பி? பழசா, புதுசா?"

தம்பி விழித்தார். 2024 ஜூலை 1 முதல் குற்ற விசாரணை முறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா வந்தது. பழையதில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யும் குவாஷ் மனு. புதியதில் 482 முன்ஜாமீன். குவாஷ் 528க்குப் போய்விட்டது. ஆன்லைனில் வெறும் 482 என்று தட்டினால் பல வருஷத்துக் குவாஷ் தீர்ப்புகள் வந்து கொட்டும். தம்பிக்கு வேண்டியதோ முன்ஜாமீன். அவரும் அரை மணி நேரம் தேடிவிட்டுத்தான் மேலே வந்திருந்தார்.

நூலகர் அதோடு விடவில்லை. சம்பவம் எப்போது, எஃப்ஐஆர் எப்போது என்று கேட்டார். சம்பவம் 2024 மார்ச், எஃப்ஐஆர் ஆகஸ்ட். "அப்ப குற்றம் பழைய 420தான், 318(4) போட்டுறாதீங்க. மனு மட்டும் புதுச் சட்டத்துல." 420 பழைய தண்டனைச் சட்டத்தின் மோசடிப் பிரிவு, 318(4) புதிய தண்டனைச் சட்டத்தில் அதற்கு ஈடானது. சம்பவத்தின்போது இருந்தது பழையதுதான். பீரோக் கதவின் உள்பக்கம் அவர் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டையைக் காட்டினார். பழைய பிரிவு சிவப்பு மையில், புதியது நீலத்தில், அவர் கையெழுத்தில். விரல் பட்டுப் பட்டு, முன்ஜாமீனின் பழைய எண்ணான 438 பாதி அழிந்திருந்தது.

என் நோட்டில் இதுவும் ஒரு கேள்வி, பத்து நிமிடம். எண்ணிக்கையை வைத்து இந்த வேலையை அளக்க முடியாது என்று அன்றுதான் புரிந்தது. புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதை யாரும் செய்யலாம். கேட்டவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்பதற்குத்தான் நாம் சம்பளம் கொடுக்கிறோம்.

இன்னொன்று. ஒரு நில வழக்கில் எதிர்த்தரப்பு வாங்கிய இடைக்காலத் தடை ஆறு மாதம் தாண்டியதால் தானாகக் காலாவதி என்று 2018 ஏசியன் ரீசர்ஃபேசிங் தீர்ப்பைக் காட்டி மெமோ தயாரித்திருந்தோம். டைப்பான தாளைப் பார்த்த நூலகர், ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரியில் அதை மாற்றிவிட்டதைச் சொல்லி நிறுத்தினார். அதை அப்படியே கோர்ட்டில் கொடுத்திருந்தால்? நினைத்தாலே கூசுகிறது.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை நேரம். பத்து மணிக்குத் திறந்து ஆறுக்கு மூடுகிறோம். பகலில் எல்லோரும் கோர்ட்டில். மறுநாளைய வழக்குக் கட்டைப் பிரித்து உட்காருவதே ஆறு மணிக்கு மேல்தான். அப்போது மாடியில் விளக்கு அணைந்திருக்கும். அப்புறம், ஆன்லைனில் முழுசாகக் கிடைக்கும் இரண்டு ஜர்னல்களை அச்சிலும் வாங்குகிறோம். மூன்று மாதத்தில் அவற்றை ஒருவரும் தொடவில்லை, சில இதழ்கள் கவர்கூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. அந்தச் சந்தாவை நிறுத்தலாம். புதியவர்கள் அடிப்படைப் பாடநூல்கள் படிக்க வேண்டுமானால் புது நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

ஆக, தகும். அச்சுச் சந்தாவைக் குறைத்து, ஆளை வைத்துக்கொண்டு, நேரத்தைப் பன்னிரண்டு முதல் எட்டு என்று மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதுவதற்கு முன் அவரிடமே கேட்டேன்.

"எட்டுன்னா பரவாயில்லம்மா, மேலூர் பஸ் ராத்திரி வரைக்கும் இருக்கு. அந்த அட்டையை மட்டும் லேமினேட் பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க."

அதையும் சேர்த்து எழுதிவிட்டேன்.