வெளிநாட்டுப் பள்ளி வேலை: யாரிடம் பணம் கொடுக்கலாம், யாரிடம் கூடாது

வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஆசிரியரிடம் லட்சக்கணக்கில் கேட்கும் நிறுவனத்துக்கு என்னிடம் மதிப்பெண் பூஜ்யம்தான். பள்ளியைப் பற்றிய தகவலைத் திரட்டித் தருபவருக்குக் கட்டணம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஏற்காட்டில் ஓர் உறைவிடப் பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டுப் பிறகு துபாயில் பல ஆண்டுகள் வேலை பார்த்துத் திரும்பியவள் நான். இப்போது சேலத்தில் இருக்கிறேன். ஆகஸ்டில் திறக்கும் பள்ளிகள் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரிலேயே ஆள் தேடத் தொடங்கும் என்பதால், மழைக்காலம் வந்தாலே தெரிந்த ஆசிரியர்கள் என்னிடம் விசாரிப்பார்கள். இந்த முறை கேட்டது என் தங்கை மகள். எம்.எஸ்சி., பி.எட்., கணிதம், இங்கே ஒரு சி.பி.எஸ்.இ. பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறாள். அவளுக்காக நாங்கள் அலசிப் பார்த்த சேவைகளைப் பற்றியதே இந்த மதிப்புரை.

முதலில் ஐந்து ரோடு பக்கம் இருக்கும் ஒரு கன்சல்டன்சி. பெயர் வேண்டாம். மாடியில் குளிரூட்டிய அறை, பேச்சில் மரியாதை, காபியும் வந்தது. 'அரசுப் பதிவு பெற்ற நிறுவனம் மேடம்' என்று சுவரில் சட்டமிட்டு மாட்டியிருந்த சான்றிதழைக் காட்டினார் மேலாளர். எழுந்து கிட்டே போய்ப் படித்தேன். அது ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றிதழ். பெட்டிக்கடைக்காரர்கூட விண்ணப்பித்து வாங்கிவிடலாம்.

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புபவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் வரும் அதிகாரியிடம் தனியாகப் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. யாரும் தேடிப் பார்க்கலாம், பைசா செலவில்லை. அப்படிப் பதிவு பெற்றவரே ஆனாலும், வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். 'சப் ஏஜென்ட்' என்று ஒருவரைச் சட்டம் அங்கீகரிப்பதே இல்லை.

அந்த அலுவலகத்தில் கேட்டது ஒன்றரை லட்சம், அதில் பாதி உடனே. 30,000 வரம்பைச் சொன்னதும், 'இது சேவைக் கட்டணம் இல்லை மேடம், நடைமுறைச் செலவு' என்றார். எந்தப் பள்ளி என்று கேட்டோம். பணம் கட்டிய பிறகுதான் பெயர் சொல்வார்களாம். 'பள்ளியின் பெயரே தெரியாமல் நான் எதற்கு விண்ணப்பிக்கிறேன் பெரியம்மா?' என்று மேலாளர் முன்னாலேயே தங்கை மகள் என் பக்கம் திரும்பிக் கேட்டாள். இதைவிடச் சரியான கேள்வி கிடையாது. மாதிரிக்காகக் காட்டிய பணி ஆணைக் கடிதத்தில் பள்ளிக்கென்று சொந்த மின்னஞ்சல் முகவரி இல்லை, இலவச முகவரிதான் இருந்தது. சம்பளம் 'எல்லாம் சேர்த்து 6,000 திர்ஹாம் வரை' என்று ஒரே வரி. இதற்கெல்லாம் மேலாக, அசல் சான்றிதழ்களை அங்கேயே ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். கொடுக்கவில்லை, இறங்கி வந்துவிட்டோம். ஐக்கிய அரபு அமீரகத்தின் தொழிலாளர் சட்டம் ஆள்சேர்ப்புச் செலவை முதலாளியின் தலையில்தான் வைக்கிறது. அதை ஆசிரியரிடம் வசூலிப்பது அங்கே சட்டவிரோதம். இது தெரியாமல் நகையை அடகு வைத்துப் பணம் கட்டியவர்களை எனக்குத் தெரியும். நினைத்தாலே வயிறு எரிகிறது.

அடுத்தது, கட்டணம் கேட்டாலும் நான் பரிந்துரைக்கும் வகை. சர்ச் (Search) அசோசியேட்ஸ், 1955 முதல் இயங்கும் ஐ.எஸ்.எஸ். (இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ் சர்வீசஸ்) போன்ற அமைப்புகள் பன்னாட்டுப் பள்ளிகளுக்கென்றே ஆசிரியர்களைத் தேடித் தருபவை. சர்ச் அசோசியேட்ஸில் பதிவானதும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம் திறக்கும்: எத்தனை மாணவர்கள், என்ன பாடத்திட்டம், சம்பளம் எந்த அளவு, வீடு தருகிறார்களா, மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம் என்பது வரை. கன்சல்டன்சிக்காரர் ஒன்றரை லட்சத்துக்கும் சொல்ல மறுத்த விஷயம் இங்கே முதல் பக்கத்திலேயே கிடக்கிறது. நான் மதிப்பெண் போடுவது இந்தத் திறந்த தன்மைக்குத்தான்.

ஆனால் நம் ஊர் ஆசிரியர்களுக்கு இதில் ஓர் உண்மையான இடைஞ்சல் இருக்கிறது. அவர்கள் கேட்கும் பரிந்துரைகள் ரகசியமானவை: இப்போதைய பள்ளி முதல்வரே நேரடியாக எழுதி அனுப்ப வேண்டும், நம் கண்ணில் காட்டக்கூடாது. ஆசிரியர் வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று மூக்கில் வியர்த்தாலே வகுப்புகளை மாற்றிப்போடும் நிர்வாகங்கள் இருக்கும் ஊரில், அந்தக் கடிதத்தைக் கேட்கவே துணிச்சல் வேண்டும். சேரும் நாளிலேயே அசல் பட்டச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. இது அநியாயம் என்று உரக்கவே சொல்கிறேன். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் வெளிநாட்டு வேலை தேடுவதற்கு முன் அந்தச் சான்றிதழ்களை எழுத்து மூலம் கேட்டு மீட்க வேண்டும். அது கைக்கு வராமல் மற்ற எதுவும் நகராது.

பணமே செலவழிக்காமல் தேட விரும்புபவர்களுக்குப் பிரிட்டனின் டெஸ் இணையதளம் இருக்கிறது. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பெரும்பாலும் அங்கே விளம்பரம் கொடுக்கும். பள்ளிகளின் சொந்த இணையதளங்களிலும் காலிப் பணியிடங்கள் வரும். விண்ணப்பிக்க வசதி, அவ்வளவுதான். பள்ளி நல்லதா என்று இவை சொல்லாது. அதற்கென்று ஆசிரியர்கள் பெயர் போடாமல் எழுதும் இன்டர்நேஷனல் ஸ்கூல்ஸ் ரிவ்யூ என்ற கட்டணத் தளம் ஒன்று உண்டு. கோபத்தில் இருப்பவர்கள்தான் அதிகம் எழுதுவார்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். முதல்வர் சிரிக்கமாட்டார் என்ற புலம்பலைத் தாண்டிப் போய்விடலாம். சம்பளம் தாமதமாகிறது என்று வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருந்தால் அங்கே நிறுத்திவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டில் போனவர்களின் குரல் அதில் குறைவு. நம் அனுபவம் வேறாக இருக்கலாம்.

இத்தனையிலும் எனக்கு மிகவும் பிடித்த சேவை இலவசமானது. துபாயின் கல்வி ஆணையமான கே.எச்.டி.ஏ. தனியார் பள்ளிகளை ஆய்வு செய்து எழுதிய அறிக்கைகள் இணையத்தில் அப்படியே கிடைக்கின்றன. மிகச் சிறப்பு என்பதிலிருந்து மிக மோசம் என்பது வரை ஆறு படிகள். பெற்றோருக்காக எழுதப்பட்டவைதான் என்றாலும் வேலை தேடும் ஆசிரியருக்கு அவை பொக்கிஷம். பள்ளியின் மொத்தத் தரத்தைப் பார்ப்பதற்கு முன்பே நான் தொடக்கப் பக்கத்தில் இருக்கும் சிறிய பட்டியலுக்குப் போய்விடுவேன். எத்தனை ஆசிரியர்கள், ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், ஆசிரியர்களில் எந்த நாட்டவர் அதிகம், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆசிரியர்கள் விலகுகிறார்கள் என்று அங்கே இருக்கும். அந்தக் கடைசி எண்தான் எனக்கு வேண்டியது. பத்து சதவீதம் என்றால் ஆட்கள் தங்குகிறார்கள். மூன்றில் ஒருவர் போய்க்கொண்டே இருக்கிறார் என்றால், தரம் 'நன்று' என்றே இருக்கட்டும், உள்ளே ஏதோ சரியில்லை.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு பள்ளிகளின் அறிக்கைகளை அருகருகே வைத்து இப்படித்தான் படித்தோம். தங்கை மகள் முதலில் தேர்ந்தெடுத்திருந்தது கட்டடம் பளபளத்த பள்ளி. விலகல் சதவீதத்தைப் பார்த்ததும் அவளே அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டாள். 2024-25 கல்வியாண்டில் துபாய் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வை நிறுத்தி வைத்தது; ஆகவே பல பள்ளிகளுக்கு 2023-24 அறிக்கையோ அதற்கு முந்தையதோதான் கிடைக்கும். முதல்வர் அதற்குப் பிறகு மாறினாரா என்று நேர்காணலில் கேட்டுக்கொள்ளலாம்.

கல்விக் கட்டண விவரமும் அங்கே வெளிப்படையாக இருக்கிறது. அதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 12,000 திர்ஹாம் வாங்கும் பள்ளியில் முப்பது பேர் உள்ள வகுப்பு 3,60,000 திர்ஹாம் கொண்டுவரும். வாடகை, நிர்வாகம், மற்ற ஆசிரியர்கள் எல்லாருக்கும் போக, அந்த வகுப்பு ஆசிரியருக்கு மாதம் 12,000 தர முடியுமா? முடியாது. அப்படி ஒருவர் ஆசை காட்டினால் பொய் என்று கணக்கே சொல்லிவிடும்.

'இன்டர்நேஷனல்' என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓமலூர் சாலையில் ஒரு சுற்றுச் சுற்றினால் அந்தப் பெயரில் எத்தனை பலகைகள் கண்ணில் படும், உள்ளே என்ன பாடத்திட்டம் ஓடும் என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். வெளிநாட்டிலும் அதே கதைதான். ஐ.பி. (இன்டர்நேஷனல் பக்கலாரியட் என்னும் பன்னாட்டுப் பாடத்திட்டம்) பள்ளி என்று சொன்னால் ஐ.பி. அமைப்பின் தளத்திலேயே பள்ளியின் பெயரைத் தேடுங்கள். அங்கீகாரம் பெற்றதா இல்லையா என்பது தெரிந்துவிடும். பிரிட்டிஷ் பள்ளி என்றால், வெளிநாட்டிலுள்ள பிரிட்டிஷ் பள்ளிகளுக்கென நடக்கும் பி.எஸ்.ஓ. ஆய்வின் அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒப்பந்தம் கைக்கு வந்ததும் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று தேடுங்கள். அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம் பணிக்கொடையாகச் சேரும். அதன் பிறகு 30 நாள். மொத்தம் 7,000 திர்ஹாமில் அடிப்படை 3,000 என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,100. அடிப்படை 5,000 என்றால் 3,500. மாதாமாதம் கையில் வருவது ஒன்றுதான், ஐந்து ஆண்டு முடிவில் வித்தியாசம் 7,000 திர்ஹாம். அந்நாட்டு அமைச்சகத்தின் முறையான பணி முன்மொழிவுக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டுப் பெறலாம் என்பது நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. கடவுச்சீட்டைப் பள்ளி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது, சோதனைக் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. இவையும் அங்குள்ள சட்டம்தான்.

இன்னொன்றைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. 'இதே பாடம், இதே அனுபவத்தோடு வேறு நாட்டிலிருந்து வரும் ஆசிரியருக்கும் இதே சம்பள அட்டவணையா?' கடவுச்சீட்டைப் பார்த்துச் சம்பளம் போடும் பள்ளிகள் இருக்கின்றன. எனக்கு அதில் மனக்கசப்பு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நேர்மையான பள்ளி இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும்.

கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்களுக்கு நல்ல வழி ஒன்று 2023 பிப்ரவரி முதல் திறந்திருக்கிறது. இந்தியாவில் பயிற்சி பெற்று 11 முதல் 16 வயது வரையுள்ள மாணவர்களுக்கு இந்தப் பாடங்களை நடத்துபவர்கள் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதியான கியூ.டி.எஸ்.ஸுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளிகள் பல அந்தத் தகுதியைத்தான் முதலில் கேட்கின்றன. ஏற்காடு போன்ற இடங்களில் உறைவிடப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள் விடுதிப் பொறுப்பு, இரவுப் படிப்பு நேரக் கண்காணிப்பு எல்லாவற்றையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். விடுதியுள்ள பள்ளிகளுக்கு அது பெரிய தகுதி.

தங்கை மகளுக்கு நேர்காணல் வைத்த ஒரு பள்ளி அவளைக் குடைந்து எடுத்துவிட்டது. மாணவி ஒருத்தி தனியாக வந்து வீட்டுப் பிரச்சினையைச் சொன்னால் என்ன செய்வாய், யாரிடம் தெரிவிப்பாய் என்று குழந்தைப் பாதுகாப்பைப் பற்றியே வெகுநேரம் கேட்டார்கள். முன்பு வேலை பார்த்த இடங்களுக்கெல்லாம் எழுதி விசாரித்தார்கள், காவல்துறைச் சான்று கேட்டார்கள். அவள் சோர்ந்துபோய், 'என்ன பெரியம்மா இப்படிச் சந்தேகப்படுகிறார்கள்?' என்றாள். எனக்கோ அதைக் கேட்டபோதுதான் நம்பிக்கை வந்தது. அரை மணி நேரத்தில் 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று சொல்லும் இடத்தில் குழந்தைகளைப் பற்றி யாருக்கும் அக்கறை இருக்காது. அவளும் பதிலுக்குக் கேட்டாள்: வாரத்துக்கு எத்தனை பாடவேளை, எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார், அங்கே இப்போது வேலை பார்க்கும் இந்திய ஆசிரியர் ஒருவரிடம் பேசலாமா. மறுநாளே ஒருவரின் மின்னஞ்சல் முகவரி வந்தது.

அந்தப் பள்ளியின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறாள். ஒரு முகவருக்கும் காசு கொடுக்கவில்லை. இப்போது பட்டச் சான்றிதழ் சான்றொப்பத்துக்குப் போயிருக்கிறது: முதலில் சென்னையில் மாநில அரசு, பிறகு வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு அமீரகத் தூதரகம். வேறு பல நாடுகளுக்கு, பன்னாட்டு ஒப்பந்தப்படி வெளியுறவு அமைச்சகம் இடும் அப்போஸ்டில் முத்திரையோடு முடிந்துவிடும். அமீரகத்துக்குத் தூதரகம் வரை போக வேண்டும். இதற்கு நாள் பிடிக்கும். வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், விண்ணப்பிக்கத் தொடங்கும்போதே சான்றிதழில் பெயரும் தந்தை பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.