எர்ஹாயா, லூகுவா? யுன்னான் ஏரிக்கரையில் ஆற அமர ஒரு வாரம்

சீனாவின் தென்மேற்கு மூலையிலுள்ள யுன்னான் மாகாணத்துக்குப் போய் ஏதேனும் ஓர் ஏரிக்கரையில் அவசரமில்லாமல் ஒரு வாரம் தங்க வேண்டும் என்று திட்டமிடுபவர் முன்னால் முதலில் வந்து நிற்கும் பெயர்கள் இரண்டு: டாலி நகரை ஒட்டிய எர்ஹாய் ஏரி, யுன்னானும் சிச்சுவானும் பங்கிட்டுக்கொண்டுள்ள லூகு ஏரி. மாகாணத் தலைநகரான குன்மிங்குக்கு அருகே ஃபுஷியான் என்று 150 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள மூன்றாவது ஏரி ஒன்றும் இருக்கிறது. தெளிந்த நீர்தான், ஆயினும் தங்கி நடமாடும்படியான பழைய ஊர் அதன் கரையில் இல்லாததால், குன்மிங்வாசிகளின் வார இறுதிக்கு உரியது என்ற அளவில் அதை விட்டுவிடலாம்.

எது அழகு என்ற கேள்வியால் பயனில்லை, இரண்டுமே அழகுதான். ஓய்வாகப் போக விரும்புபவர் கேட்க வேண்டிய கேள்வி, கையிலுள்ள நாட்களில் எத்தனையைப் பாதை விழுங்கும், ஊர் போய்ச் சேர்ந்த பின் வண்டி ஏறாமல் எத்தனை நாள் கழிக்க முடியும் என்பதுதான். இந்த அளவுகோலில் என் வாக்கு எர்ஹாயின் மேற்குக் கரைக்கு. லூகுவுக்கு உரிய இடத்தையும் சொல்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘டாலி’ என்பது சீன உச்சரிப்பில் ஏறக்குறைய ‘தாலி’ என்றே நம் காதில் விழும். வீண் குழப்பம் வேண்டாமென்று டகரம் போட்டு எழுதுகிறேன். பெயரிலேயே தாலியை வைத்திருக்கும் ஊர் ஒன்று, திருமணச் சடங்கே கட்டாயமில்லாத மக்களின் ஏரிக்கரை இன்னொன்று என்பது தமிழருக்கு மட்டும் கிடைக்கும் வேடிக்கை.

எர்ஹாய் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,970 மீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பில், தெற்கு வடக்காக 40 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதன் மேற்கே, பத்தொன்பது சிகரங்களை வரிசையாக நிறுத்திய சாங்ஷான் மலைத்தொடர், 4,100 மீட்டரைத் தாண்டி ஒரு மதில்போல் எழும்புகிறது. லூகுவோ சுமார் 2,690 மீட்டர் உயரத்தில், 50 சதுர கிலோமீட்டர் அளவே உள்ள சிறிய ஏரி. நமக்குத் தெரிந்த மலைகளைக் கொண்டு சொல்வதானால், எர்ஹாயின் கரை கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வானது, லூகுவின் நீர்மட்டமோ தொட்டபெட்டா உச்சியைவிட உயரமானது. இந்த வேறுபாடு உறக்கத்தில் தெரியும், மாடிப்படி ஏறும்போது மூச்சில் தெரியும். முதியவர்களையோ இரத்த அழுத்தம் உள்ளவர்களையோ அழைத்துச் செல்பவர்கள் லூகுவை முதல் நிறுத்தமாக வைத்துக்கொள்ளாதிருப்பது நல்லது. 2015இல் திறக்கப்பட்ட லூகு ஏரி விமான நிலையம் 3,293 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நேரே பறந்து இறங்குபவருக்கு முதல் நாள் தலைவலியுடன் தொடங்கக்கூடும்.

பாதைக் கணக்குக்கு வருவோம். குன்மிங்கிலிருந்து டாலிக்கு 2018 முதல் அதிவேக ரயில் ஓடுகிறது. சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ரயில் நிற்பது ஏரியின் தெற்கு முனையிலுள்ள ஷியாகுவான் என்னும் புதுநகரில் என்பதையும், பழைய டாலி அங்கிருந்து வடக்கே பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதையும் அறியாமல், ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அறை எடுத்துவிட்டு ‘இதுவா டாலி?’ என்று ஏமாந்து நிற்பவர்கள் உண்டு. லூகுவுக்கு லிஜியாங் வரை ரயிலில் போய், அதற்கப்பால் சுமார் 200 கிலோமீட்டர் மலைப்பாதையில் வண்டியில் போக வேண்டும். நான்கு மணி நேரம் என்று சொல்வார்கள். உணவுக்கும் காட்சிமுனைகளுக்கும் நிறுத்தினால் பகல் முழுவதும் போய்விடும். குன்மிங்கில் இறங்கி ஏழு நாள் தங்கும் ஒருவர் லூகுவைத் தேர்ந்தால், போக இரண்டு நாள், திரும்ப இரண்டு நாள் என்று நான்கு நாட்கள் சாலைக்கும் இடைத் தங்கலுக்கும் போக, ஏரிக்கு மிஞ்சுவது மூன்றே நாள். டாலியைத் தேர்ந்தால் போகவர ஒரு நாள் போக ஆறு நாள் கையில் நிற்கும்.

நீரின் தெளிவில் மட்டும் லூகுவுக்கு ஈடில்லை. சராசரி ஆழமே 40 மீட்டர் அளவில் இருப்பதும், சுற்றிலும் வயலும் நகரமும் குறைவாக இருப்பதும் காரணம். எர்ஹாயின் சராசரி ஆழம் பத்து மீட்டரை ஒட்டியதுதான். அதைச் சுற்றிப் பன்னெடுங்காலமாக உழவும் ஊர்களும் நெருங்கிக் கிடக்கின்றன. வயலின் உரமும் வீடுகளின் கழிவுநீரும் சேர்ந்ததில் 1996, 2003, 2013 ஆகிய ஆண்டுகளில் ஏரி பச்சைப் பாசி படர்ந்து கெட்டது. 2017இல் கரையோர விடுதிகளை அரசு மொத்தமாக மூடியது. அடுத்த ஆண்டு நீர்விளிம்பை ஒட்டிய 1,800க்கும் மேற்பட்ட வீடுகளை அகற்றத் தொடங்கியது. அதிக உரம் கேட்கும் பூண்டுச் சாகுபடியை ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் தடை செய்தது. இழந்தவர்களுக்கு அது எளிதான காலமாக இருந்திருக்காது. பயணிக்குக் கிடைத்ததோ, ஏரியை முழுக்கச் சுற்றிவரும் சுமார் 129 கிலோமீட்டர் பசுமைப் பாதை. மேற்குக் கரையில் அது சமதளமாக, கார்கள் நுழையாத வழியாக, ஒருபுறம் நாணலும் மறுபுறம் வயலுமாகப் போகிறது. படுக்கையறைக்குக் கீழே அலை அடிக்கும் விடுதிகளைப் பற்றிய பழைய பயணக் குறிப்புகளை நம்பி மேற்குக் கரைக்கு இப்போது போனால் அவற்றைக் காண முடியாது. ஆனால் ஏரி இன்று எல்லோருக்கும் பொதுவாக இருக்கிறது. 129 கிலோமீட்டரையும் ஒரே நாளில் மிதித்து முடிப்பது இளைஞர்களின் பந்தயம். ஆற அமர வந்தவர் காலையில் பத்து, மாலையில் பத்து என்று மிதித்தால் போதும். லூகுவைச் சுற்றும் சாலை மேடும் பள்ளமுமானது, வண்டிகளுடன் பகிர்ந்துகொள்ள வேண்டியது.

எர்ஹாய் என்று முடிவு செய்த பிறகு எந்தக் கரை, எந்த ஊர் என்ற இரண்டாவது கேள்வி வருகிறது. என் எண்ணத்தில் முதல் கேள்வியைவிட இதுதான் முக்கியம். மிங் காலத்து மதிலும் வாயில்களும் கொண்ட பழைய டாலி வசதியானது. ஆனால் மாலையில் அதன் முக்கியத் தெருக்கள் நம் கோயில் திருவிழாக் கடைவீதியைப் போல் நெரியும். வடகிழக்குக் கரையிலுள்ள ஷுவாங்லாங், ஏரிக்கு அப்பால் சாங்ஷானுக்குப் பின்னே சூரியன் விழுவதைப் பார்ப்பதற்கென்றே வளர்ந்த ஊர். அந்த ஒரு மணி நேரத்துக்காக நாள் முழுவதும் விலை கொடுக்க வேண்டியிருக்கும். மேற்குக் கரையில் கதை நேர்மாறு. மலை பின்னால் இருப்பதால் மாலை நிழல் சீக்கிரமே விழுந்துவிடும், விடியல் மட்டும் ஏரிக்கு மேல் நேரே வரும். சீனா முழுவதும் பெய்ஜிங் நேரமே என்பதால், மேற்கே வெகுதூரம் தள்ளியிருக்கும் டாலியில் டிசம்பர் மாதத்தில் சூரியன் எட்டு மணியளவில்தான் எழுகிறது. சோம்பலாக எழுந்தும் சூரியோதயம் பார்க்கலாம் என்பது எத்தனை ஊர்களில் வாய்க்கும்?

மேற்குக் கரையில் நான் சுட்டுவது ஷிசோவ். டாலியின் மண்ணுக்குரிய பாய் இனத்து வணிகர்கள் கட்டிய முற்ற வீடுகள் நிறைந்த ஊர் அது. மூன்று பக்கம் கட்டடங்களும் நான்காவது பக்கம் வெள்ளையடித்த ஒரு திரைச்சுவரும் சூழ நடுவில் முற்றம் அமைப்பது அவர்கள் மரபு. வீட்டின் முதுகு மலைப்புறமும் முகம் கிழக்கும் பார்த்திருக்க, பிற்பகலில் மேற்கிலிருந்து சாயும் வெயில் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, விளக்கேற்றியதுபோல் முற்றத்தையும் உள்ளறைகளையும் நிரப்பும். மூன்று மணிக்கு அத்தகைய முற்றத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் வேறு வேலை வைத்துக்கொள்ளத் தேவையில்லை. காலையில் சந்தைச் சதுக்கத்தில் ‘பாபா’ சுடுகிறார்கள்: வட்டமாகத் தட்டிய கோதுமை மாவைத் தட்டையான சட்டியில் இட்டு, மேலே தொங்கும் இன்னொரு தட்டிலும் கரி நெருப்பு வைத்து, இரு புறமும் ஒரே சமயத்தில் வேகவிடுவார்கள். ரோஜா இதழும் சர்க்கரையும் வைத்த இனிப்பு வகையிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு; வெங்காயத்தாள் வகையில் பன்றி இறைச்சியே இருக்கும் என்பதால் சைவர்கள் கேட்டே வாங்க வேண்டும்.

வடக்கே சில கிலோமீட்டரில் சோசெங் கிராமம், முடிச்சுச் சாயத் துணிக்குப் பெயர் போனது. மதுரைச் சுங்குடியை அறிந்த கண்ணுக்கு அந்த நீலத் துணியின் வெண்புள்ளிகள் உடனே பிடிபடும்: நூலால் இறுக்கிக் கட்டிய இடத்தில் அவுரிச் சாயம் ஏறாமல் நின்று, முடிச்சை அவிழ்த்ததும் பூவாக விரிகிறது. தெற்கே, பழைய டாலியை ஒட்டிய மூன்று பகோடாக்களில் நடுவிலுள்ளது 69 மீட்டர் உயரம், பதினாறு நிலைகள், 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதைக் கட்டிய நான்சாவ் அரசின் பழைய ஓவியச் சுருள், அவலோகிதேஸ்வரர் ஓர் இந்தியத் துறவியின் உருவில் வந்து அந்நாட்டுக்குப் பௌத்தம் கொடுத்ததாகக் காட்டுகிறது. அந்தத் தொன்மத்தை மனத்தில் கொண்டு பகோடாவைப் பார்த்தால் இடம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. மலை ஏற விரும்புபவருக்கு, சாங்ஷானின் இடுப்பில் சுமார் 2,600 மீட்டரில் ஒட்டியாணம்போல் சுற்றிச் செல்லும் கல்பாவிய நடைபாதை இருக்கிறது. அதன் சீனப் பெயரின் பொருளே ‘பச்சைக்கல் இடைவார்’ என்பதுதான்.

லூகுவின் பக்கம் திரும்பினால், அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை என்பதுதான் அதன் பெருமை. மேற்குக் கரையில் லுவோஷுய், வடமேற்கில் லீகே என்னும் சிறு தீபகற்பம், வடக்கே கெமு தெய்வத்தின் மலை, சிச்சுவான் பக்கத்தில் புல் மண்டிய சதுப்பு. ஏரியில் விடுவது பன்றித்தொட்டிப் படகு என்று அழைக்கப்படும் நீண்ட மரப்படகு. லுவோஷுயில் வீட்டுக்கு ஒருவர் என்று முறைவைத்துத் துடுப்புப் போட வருவதும், வருமானத்தைக் கிராமமே பகிர்ந்துகொள்வதும் பல ஆண்டு வழக்கம். கோடையில் நீர்ப்பரப்பெங்கும் சிறு வெண்பூக்கள் மிதக்க, துடுப்பு நின்ற கணத்தில் படகின் நிழல் பல மீட்டர் கீழே தரையில் விழுந்து கிடப்பது தெரியும். எர்ஹாயில் இந்தக் காட்சி கிடையாது. அங்கே ஏறுவது பெரும்பாலும் சுற்றுலாக் கப்பல்.

லூகுவின் மோசுவோ மக்கள் தாய்வழிக் குடும்பத்தினர். ஆணும் பெண்ணும் அவரவர் தாய்வீட்டிலேயே வாழ்ந்து, ஆண் இரவில் துணைவியின் வீட்டுக்குப் போய் விடியலில் திரும்புவது மரபு; குழந்தை தாய்வீட்டில் தாய்மாமன் துணையுடன் வளரும். தாய்மாமனின் இடம் தெரிந்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. வருந்தத்தக்கது, சுற்றுலா வணிகம் இதைப் ‘பெண்கள் நாடு’ என்று விளம்பரப்படுத்தி, இளித்துக்கொண்டு கேள்வி கேட்கும் கூட்டத்தை வரவழைத்திருப்பது. அணையாத அடுப்பும், ஒரே மரத்திலிருந்து வெட்டிய ஆண் தூண், பெண் தூண் என்ற இரு தூண்களும் கொண்ட பாட்டியின் அறைக்குள் உங்களை அழைத்தால், அமைதியாக அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருவதே மரியாதை.

உணவில் டாலி சந்தேகமின்றி முந்துகிறது. மழைக்காலத்துக் காட்டுக் காளான், அரிசியை வேகவைத்து இடித்துச் செய்யும் அப்பங்கள், பாலைத் திரியவைத்து விசிறிபோல் உலர்த்திய ‘ரூஷான்’ ஆகியவை அங்கே கிடைக்கும். சாங்ஷான் அடிவாரத்து ஜிசாவ் ஆன் என்னும் பிக்குணிகள் மடம் சைவ மதிய உணவுக்குப் பெயர் பெற்றது. லூகுவில் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு இறைச்சியும் ஏரி மீனும்தான் சிறப்பு. சைவர் உருளைக்கிழங்கையும் கீரையையும் நம்பியிருக்க வேண்டும்.

பருவம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று: நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட, வெயில் தெளிந்த காலம்; மே முதல் அக்டோபர் வரை மழை. குளிர்காலத்தில் செம்மூக்குக் கடற்பறவைகள் வடக்கிலிருந்து எர்ஹாய்க்கு வந்துசேரும், லூகுவில் இரவு உறைநிலைக்குக் கீழே இறங்கும். பிப்ரவரி, மார்ச்சில் ஷியாகுவான் காற்று சைக்கிளைத் தள்ளிவிடும். சீனப் புத்தாண்டு, மே தின விடுமுறை, அக்டோபர் முதல் வாரம் ஆகிய மூன்றையும் எந்த ஏரிக்காகவும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

நடைமுறைச் செய்திகள் சில. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை; இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அலிபே, வீசாட் என்னும் கைபேசிப் பணச் செயலிகளில் ஒன்றில் கடன் அட்டையை ஊரிலேயே இணைத்துக்கொண்டு போவது அவசியம். பாபா விற்கும் அம்மாவும் பணத்தாளைவிடக் கட்டங்கட்டமான கியூஆர் குறியீட்டையே நீட்டுவார்.

பத்து நாள் கிடைப்பவர்கள் இரண்டையும் பார்க்கலாம். முதலில் ஷிசோவில் நான்கு இரவு, லிஜியாங்கில் ஒன்று, பிறகு லூகுவில் மூன்று என்று போனால் உடலும் படிப்படியாக உயரத்துக்குப் பழகும், திரும்பும் வழிக்கும் நாள் மிஞ்சும். லூகுவில் மூன்று இரவுக்குக் குறைவாகத்தான் முடியும் என்றால், அந்த இரவுகளையும் ஷிசோவிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.