மோட்டார்ஹோம் நடுவழியில் நின்றால்: எந்த உதவித் திட்டம் கைகொடுக்கும்?

மோட்டார்ஹோமுக்கு, அதாவது உள்ளேயே தங்கிச் சமைத்துப் பயணிக்கும் வீட்டு வண்டிக்கு, சாலையோர உதவித் திட்டம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆண்டுக் கட்டணம். அடுத்து, எத்தனை மைல் வரை இழுத்துப் போவார்கள் என்பது. இரண்டும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வண்டி நின்றுபோன அன்று இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னொன்று வந்து நிற்கும்: இவ்வளவு பெரிய வண்டியைத் தூக்கும் லாரியை இவர்களால் அனுப்ப முடியுமா?

காராக இருந்தால் கவலையில்லை. தட்டையான முதுகுள்ள லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். வேனின் கூட்டுக்குள்ளேயே கட்டிய சிறிய 'கிளாஸ் பி' வண்டிக்கும் ஏறக்குறைய அதே கதைதான். எடை 4, 5 டன்னுக்குள் இருக்கும். ஃபோர்டு இ-450 சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மேல் வரும் நடுத்தர 'கிளாஸ் சி' முழுச் சுமையோடு 6.5 டன் வரை போகும். பஸ் போலிருக்கும், பின்பக்கம் டீசல் எஞ்சின் வைத்த பெரிய 'கிளாஸ் ஏ' 15 டன்னையும் தாண்டும். பஸ்ஸையும் சரக்கு லாரியையும் இழுக்கிற கனரக இழுவை வண்டி வந்தால்தான் அது நகரும்.

லாரி வந்தால் மட்டும் போதாது, வருகிற ஆளுக்கு வேலையும் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாது. அந்த நிலையில் பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்தால் கியர்பாக்ஸ் சூடேறிக் கெட்டுவிடும். அதனால் கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டான டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்க வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் காற்று இறங்கிவிட்டால் பார்க்கிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து காற்று கொடுக்காமல், அல்லது பிரேக்கைக் கையால் விடுவிக்காமல் சக்கரம் அசையாது. அவசரப்பட்டு இழுத்தால், சின்னப் பழுதோடு நின்ற வண்டி பெரிய பழுதோடு ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்.

சரி, இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டங்களுக்கு வருவோம்.

மலிவானது, வண்டி இன்சூரன்ஸோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் உதவி. தனி அட்டை வேண்டாம், தனிப் புதுப்பிப்பு வேண்டாம். ஆனால் அது வண்டியைச் சார்ந்தது. வேறு வண்டியில் போகும்போது உதவாது. சில பாலிசிகள் நேரடியாகப் பணம் கட்டாது. நீங்கள் கட்டிவிட்டு ரசீது கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டும், அதற்கும் ஒரு உச்சவரம்பு இருக்கும். கனரக இழுவைக்கான பில் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இழுவைக்கு அழைத்தால் அது கிளைமாகப் பதிவாகுமா? சில நிறுவனங்களில் பதிவாகும். ஒரு பேட்டரிக்காக உங்கள் கிளைம் கணக்கு ஏறுவது வீண்.

ஆட்டோ கிளப் உறுப்பினர் திட்டம் ஆளைச் சார்ந்தது. 1902இல் தொடங்கிய அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமான ஏஏஏ இதற்கு எடுத்துக்காட்டு. உறுப்பினர் யாருடைய காரில் இருந்தாலும் உதவி வரும். வீட்டில் காரும் இருந்தால் இது லாபம். ஆனால் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு: சாதாரண உறுப்பினர் அட்டை மோட்டார்ஹோமை இழுக்கும் என்று நம்பிவிடுவது. அதற்கென்று ஆர்வி (மோட்டார்ஹோம் போன்ற வீட்டு வண்டி) சேர்க்கையைத் தனியாக எடுக்க வேண்டும். ஏஏஏவின் நடுத்தர உறுப்பினர் நிலையான 'பிளஸ்'ஸில் இழுவை எல்லை பொதுவாக 100 மைல். குறைவாகத் தோன்றலாம். ஆனால் அந்த 100 மைலுக்குள் எந்த ஒர்க்‌ஷாப் என்பதை நீங்கள் சொல்லலாம், அது பெரிய வசதி.

மூன்றாவது, மோட்டார்ஹோமுக்கென்றே இருக்கும் சிறப்புத் திட்டம். குட் சாம், கோச்-நெட் போன்றவை இந்த வகை. (குட் சாம் 1966இல் உதவித் திட்டமாகத் தொடங்கவில்லை. வழியில் நிற்பவருக்கு நின்று உதவத் தயார் என்று சொல்ல வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கராகத்தான் தொடங்கியது.) இவற்றில் 'தூர வரம்பு இல்லை' என்று இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள வரியையும் படிக்க வேண்டும்: 'தகுதியுள்ள மிக அருகிலுள்ள பழுதுபார்க்கும் இடம் வரை'. அதாவது தூரத்துக்கு எல்லை கிடையாது, ஆனால் இடத்தை முடிவு செய்வது பெரும்பாலும் நீங்கள் அல்ல. அருகில் இருக்கும் ஒர்க்‌ஷாப்பில் மூன்று வாரம் வரிசை இருந்தால்? அங்கிருந்து வேறு இடத்துக்குப் போகும் செலவு உங்களுடையதாகிவிடலாம். ஆள் நடமாட்டமில்லாத நெடுஞ்சாலைகளில் அதிகம் ஓட்டுபவருக்கு இந்த விதி நல்லது. ஊர்களை ஒட்டியே சுற்றுபவருக்கு ஆட்டோ கிளப்பின் 100 மைல் விதி நல்லது. விளம்பரத்தில் 'வரம்பில்லை' என்பதுதான் பெரிதாகத் தெரியும், என்ன செய்ய.

புதிய வண்டி என்றால் சேஸிஸ் தயாரிப்பாளரின் வாரண்டியோடு உதவியும் வரும். இலவசம், எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காலக்கெடுவும் மைல் கெடுவும் முடிந்தால் அதுவும் முடிந்தது.

ஐரோப்பியத் திட்டங்களைப் பார்ப்பவர்கள் 3.5 டன் என்ற எண்ணைத் தேடுங்கள். சாதாரண கார் லைசென்ஸில் ஓட்டக்கூடிய எல்லை நெடுங்காலமாக அதுவே என்பதால் பல திட்டங்கள் அங்கேயே கோடு போட்டுவிடுகின்றன. வண்டியின் வயதுக்கும் சில திட்டங்களில் வரம்பு உண்டு.

எல்லாத் திட்டத்திலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. டயர்: பெரிய வண்டிகள் பலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. உதவித் திட்டம் புது டயரைக் கொண்டுவந்து மாட்டித் தருமா, இழுத்துப் போவதோடு நிறுத்திக்கொள்ளுமா என்று கேளுங்கள். டயரின் விலை எப்படியும் உங்கள் கணக்கு. சேறு: முகாம் புல்வெளியில் புதைந்த வண்டியை மீட்கப் பெரும்பாலும் வர மாட்டார்கள்; தார்ச் சாலையிலிருந்து இத்தனை அடிக்குள் என்று எல்லை இருக்கும். பின்னால் கட்டி இழுத்து வரும் கார்: அதற்கும் சேர்த்தா, தனியா? உள்ளே இழுக்க முடியாமல் நிற்கும் ஸ்லைடு அறை (நிறுத்தியபின் இடம் கூட்டப் பக்கவாட்டில் வெளியே நீட்டும் பகுதி): பெரும்பாலும் இது அவர்கள் கணக்கில் இல்லை, ஆனால் அது வெளியே நீட்டியிருக்கும்வரை வண்டியை நகர்த்த முடியாது. அழைப்பதற்கு முன்னால் ஒன்று: ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் டேஷ்போர்டில் பேட்டரி பூஸ்ட் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். வீட்டுப் பகுதியின் பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கு மின்சாரம் எடுத்துக் கொடுக்கும் சுவிட்ச் அது. பாதி அழைப்புகள் அங்கேயே தேவையில்லாமல் போகும் என்பது என் ஊகம்.

என் தேர்வு: கிளாஸ் பி வைத்திருந்தால் ஆட்டோ கிளப்பின் ஆர்வி நிலை. கிளாஸ் ஏ என்றால் யோசிக்காமல் சிறப்புத் திட்டம். கிளாஸ் சி நடுவில் நிற்கிறது. வீட்டில் காரும் உண்டென்றால் கிளப், இல்லையென்றால் சிறப்புத் திட்டம். இன்சூரன்ஸோடு வருவதை இரண்டாம் துணையாக மட்டும் வைத்துக்கொள்வேன். எதை எடுத்தாலும் பயணத்துக்கு முந்தின வாரம் எடுக்காதீர்கள். சில திட்டங்களில் சேர்ந்து சில நாள் கழிந்த பிறகே இழுவை கிடைக்கும்.

பணம் கட்டுவதற்கு முன் அவர்களின் உதவி எண்ணுக்கே அழைத்து, வண்டியின் நீளத்தையும் மொத்த எடையையும் சொல்லிப் பாருங்கள். எதிர்முனையில் இருப்பவர் உடனே "எஞ்சின் முன்னாலா பின்னாலா? ஏர் பிரேக்கா?" என்று கேட்டால் அவர்களுக்கு இந்தத் தொழில் தெரியும். "கார் என்ன நிறம்?" என்று கேட்டால் அடுத்த எண்ணுக்கு அழையுங்கள்.