அளத்துக்காரர் பேரன் பார்த்த உயூனி உப்புவெளி

பொலிவியாவில் இருக்கும் உயூனி உப்புவெளிக்குப் போய்வந்து இரண்டு மாதம் ஆகிறது. தாராவியில் மாமா வீட்டுக்குப் போனாலும் சரி, மாட்டுங்காவில் வாழையிலை வாங்க நின்றாலும் சரி, எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: போட்ட காசுக்குத் தகுமா? தகும் என்றுதான் நான் சொல்கிறேன். ஆனால் எங்கள் ஏஜென்ட் போட்டுக்கொடுத்த மாதிரி போகாதீர்கள். வண்டி ஓட்டப்போவது யாரென்று கேட்காமல் முன்பணமும் கட்டாதீர்கள். மிச்சத்தை விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் நான் யாரென்று சொன்னால்தான் என் மதிப்பீட்டுக்கு அர்த்தம் இருக்கும். முலுண்டில் வீடு, கிளியரிங் ஆபீசில் வேலை, வயது 56. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். தாத்தாவும் ஆச்சியும் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். சின்ன வயதில் லீவுக்கு ஊருக்குப் போனால் அளத்து வரப்பில்தான் எங்களுக்கு விளையாட்டு. பாண்டுப், முலுண்ட் பக்கம் ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் பஸ் போகும்போது கிழக்கே உப்பள நிலம் தெரியும். முப்பது வருஷமாகப் பார்த்தும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆகவே உப்பைப் பார்க்க உலகத்தின் மறுகோடிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் சிரித்தார்கள். மகள் பிரேசிலில், சாவ் பாவ்லோவில் வேலையில் இருக்கிறாள். "அங்கேயிருந்து பக்கம்தானே அப்பா" என்று அவள் கிளப்பிவிட்டதுதான் எல்லாம்.

ஏஜென்ட் செய்த கூத்து இது. மும்பையில் நாங்கள் பிடித்த ஆள் சாவ் பாவ்லோவிலிருந்து பொலிவியாவின் சாந்தா குரூஸ் வழியாக நேரே லா பாஸுக்கு டிக்கெட் போட்டார். லா பாஸின் விமான நிலையம் எல் ஆல்டோவில், 4,061 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மறுநாள் காலையிலேயே உயூனிக்கு விமானம். கடலோரத்தில் பிறந்து கடலோரத்திலேயே வாழ்ந்த உடம்பை ஒரே நாளில் அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய்ப் போட்டால் அது சும்மா இருக்குமா? மாடிப்படி ஏழு ஏறுவதற்குள் என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். ராத்திரி முழுக்கத் தலைவலி, இரண்டு தடவை வாந்தி. ஊர் திரும்பி அந்த ஆளிடம் கேட்டால், "சார், எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்" என்கிறார்.

நீங்கள் போவதாக இருந்தால் முதலில் சுக்ரேயில் இறங்கி இரண்டு மூன்று நாள் இருங்கள். அது 2,800 மீட்டர்தான், நல்ல ஊரும்கூட. உப்புவெளி 3,656 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜன், மும்பையில் கிடைப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. மாத்திரை போடலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் கோகா இலையைக் கன்னத்தில் அதக்கிக்கொள்கிறார்கள், டீ போட்டும் குடிக்கிறார்கள். டீ எங்களுக்குக் கொஞ்சம் கேட்டது. ஆனால் ஞாபகத்துக்காக என்று ஒரு இலைகூடப் பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. நம் நாட்டில் அது போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. என் மனைவி கைப்பையில் போட்டு வைத்திருந்ததை மகள்தான் கண்டுபிடித்துக் கொட்டினாள். அப்புறம் மஞ்சள் காய்ச்சல் ஊசி. பிரேசில், பொலிவியா போய்த் திரும்புகிறவர்களிடம் நம் விமான நிலையத்திலேயே அந்த அட்டையைக் கேட்பார்கள். போகும் முன் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும்.

நாங்கள் எடுத்தது மூன்று நாள், இரண்டு இரவு ஜீப் பயணம். வண்டி டொயோட்டா லேண்ட் குரூசர். ஆளுக்கு 200 டாலர் வாங்கினார்கள், சாப்பாடும் தங்கலும் சேர்த்து. உப்புவெளி நடுவில் இருக்கும் தீவுக்கும், இரண்டாம் நாள் போகிற ஏரிகள் இருக்கும் சரணாலயத்துக்கும் நுழைவுச்சீட்டு தனி. நாங்கள் மூன்று பேர், கூட ஒரு பிரெஞ்சு ஜோடி. போனது ஏப்ரல் கடைசி வாரம். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழைத் தண்ணீர் தேங்கிக் கண்ணாடியாக நிற்கும். மே மாதத்துக்குமேல் முழுக்கக் காய்ந்துவிடும். நாங்கள் போனபோது ஒரு ஓரத்தில் தண்ணீர், மற்ற இடமெல்லாம் காய்ந்த உப்பு. இரண்டையும் பார்க்க வாய்த்தது அதிர்ஷ்டம்தான்.

முதலில் ஊருக்கு வெளியே ரயில் சுடுகாடு. சுரங்கத் தாது ஏற்றப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட பாதை. சுரங்கத் தொழில் படுத்ததும் எஞ்சின்களை அப்படியே விட்டுவிட்டார்கள். இப்போது துரு பிடித்து நிற்கின்றன. ஒவ்வொரு எஞ்சின்மேலும் நாலு பேர் ஏறி நின்று போட்டோ எடுக்கிறார்கள். இருபது நிமிடம் போதும்.

கொல்சானி கிராமத்தைத் தாண்டி உப்பில் ஏறுகிற இடத்தில்தான் எனக்கு எங்கள் டிரைவர்மேல் மரியாதை வந்தது. வண்டியை நிறுத்தி, முன்பக்கக் கிரில்லை மறைத்து ஒரு பழைய தார்ப்பாயைக் கட்டினார், உப்புநீர் எஞ்சினுக்குள் அடிக்காமல் இருக்க. கணுக்கால் அளவுத் தண்ணீரில் ஆள் நடக்கிற வேகத்தில்தான் ஓட்டினார். ஓரிடத்தில் இறங்கி, குதிகாலால் தரையை ஓங்கித் தட்டிக் காதைச் சாய்த்தார். இரண்டடி தள்ளி மறுபடி தட்டினார். தலையை ஆட்டிவிட்டு வந்து, வண்டியைப் பின்னால் எடுத்து வேறு பக்கம் திருப்பினார். தை, மாசியில் பாத்தி மிதித்த பிறகு தாத்தா செய்வதும் இதேதான். தரை இறுகிவிட்டதா என்று குதிகாலால் தட்டித்தான் பார்ப்பார். பிரெஞ்சுப் பையன் எதற்கு வழி மாற்றுகிறார் என்று கேட்டான். நானே விளக்கிச் சொன்னேன், அரைகுறை இங்கிலீஷில்.

உப்புவெளியின் பரப்பு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். மும்பை மாநகராட்சி மாதிரி பதினேழை அதற்குள் அடுக்கலாம். இவ்வளவு பெரிய இடத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், செயற்கைக்கோள்கள் உயரத்தை அளக்கும் கருவிகளைச் சரிபார்க்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான் படித்துவிட்டுப் போன கணக்கு இது. அங்கே நின்றபோது தெரிந்தது வேறு: தூரம் புரிபடவில்லை. பக்கத்தில் தெரிந்த மலை இரண்டு மணி நேரம் ஓட்டியும் அதே இடத்தில் நின்றது. அதன் பெயர் துனுபா, எரிமலை. குழந்தையைப் பறிகொடுத்த தாயின் பாலும் கண்ணீரும் கலந்து உப்பானது என்று அவர்களுக்கு ஒரு கதை இருக்கிறதாம். மகள் மொழிபெயர்த்துச் சொன்னதும், அதுவரை தலையைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி வண்டிக் கண்ணாடியை இறக்கி அந்த மலையைப் பார்த்தாள்.

காய்ந்த பகுதியில் வண்டியை விட்டு இறங்கியதும் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டேன். தரை முழுக்க ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கட்டம், ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம். கட்டத்தின் விளிம்பு மட்டும் விரல்கனத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. அடியில் இருக்கும் உப்புநீரில் கனமானது கீழே இறங்க, லேசானது மேலே ஏற, அந்தச் சுழற்சிதான் இந்தக் கட்டங்களைப் போடுகிறது என்கிறார்கள். ரசம் ஆறும்போது பாத்திரத்துக்குள் மேகம் மேகமாகப் பிரியுமே, அந்த வேலைதான். ஒரு விளிம்பை உடைத்து நாக்கில் வைத்தேன். முதலில் நல்ல உப்பு, கடைசியில் துளி கசப்பு. அளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் தண்ணீருக்கும் இந்தக் கசப்புதான். உப்புவெளிக்கு அடியில் இருக்கும் உப்புநீரில்தான் லித்தியம் இருக்கிறது. அதை எடுக்கும் ஆலை தெற்குப் பக்கம், நாங்கள் போன வழியில் இல்லை.

சில இடங்களில் உப்பில் ஓட்டை விழுந்து தண்ணீர் குமிழி விடுகிறது. ஸ்பானிஷில் அதற்குக் கண் என்று பெயராம். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்!

கொல்சானிக்காரர்கள் உப்பைச் சுரண்டிச் சின்னச் சின்னக் கூம்பாகக் குவித்துக் காயவைக்கிறார்கள். நம் ஊர் அம்பாரத்தைப் பார்த்தவனுக்கு அது பொம்மைக் குவியல் மாதிரி இருக்கும். ஆனால் அந்த வேலையில் நின்ற பெண்கள் எல்லாரும் முகத்தைத் துணியால் மூடி, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஆச்சி ஐம்பது வயதிலேயே கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாள். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில். யார் அவளுக்குக் கண்ணாடி வாங்கிக்கொடுத்தார்கள்? மாட்டுங்காவில் கண்ணாடிக் கடைக்காரர் நாலாம் வகை கூலிங் கிளாஸ் எடுக்கச் சொன்னார். நூற்றில் எட்டுப் பங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடாது. விலையைப் பார்த்துத் தயங்கினேன். இந்தப் பயணத்துக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நடுவில் இன்காவாசி என்று ஒரு பாறைத் தீவு. ஆள் உயரத்தைப்போல நாலைந்து மடங்கு வளர்ந்த கள்ளிகள். வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளருமாம். அப்படியானால் வயதை நீங்களே கணக்குப் போடுங்கள். ஏறினால் மூச்சு வாங்கும், ஆனாலும் ஏறுங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் நாலு பக்கமும் வெள்ளை.

சாப்பாடு வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துத்தான். லாமா இறைச்சி வறுவல், கினோவா, வெள்ளரிக்காய். லாமா நன்றாகவே இருந்தது, கொஞ்சம் அசைபோட வேண்டும். வெள்ளிக்கிழமை ஆனதால் என் மனைவி கினோவாவோடு நிறுத்திக்கொண்டாள். அந்த உயரத்தில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆகவே எதுவும் அரைவேக்காடு மாதிரிதான் இருக்கும். நாங்கள் கொண்டுபோன தட்டை பாக்கெட் தலையணை மாதிரி உப்பியிருந்தது. எலுமிச்சை ஊறுகாய் பாக்கெட் பைக்குள்ளேயே வெடித்து என் ஒரே ஸ்வெட்டரை வீணாக்கியது. மூன்று நாளும் ஊறுகாய் வாசனையோடுதான் திரிந்தேன். ஊறுகாயை பாட்டிலில் கொண்டுபோங்கள்.

சாயங்காலம் கண்ணாடித் தண்ணீருக்குத் திரும்பினோம். விளம்பரத்தில் வருகிற காட்சி, அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு ஜீப், ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் டைனோசர், அதன் வாயில் மனிதர்கள் நிற்பதுபோல போட்டோ. நம் டிரைவரும் தரையில் குப்புறப் படுத்து முக்கால் மணி நேரம் எடுத்துத் தள்ளினார். இது வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பத்து நிமிடம் கிடைத்தது. கீழேயும் மேலேயும் ஒரே ஆரஞ்சு நிறம், காற்றுச் சத்தம்கூட இல்லை. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தலை சுற்றியது பாதி, மீதி என்னவென்று நான் கேட்கவில்லை.

முதல் ராத்திரி உப்புக்கட்டியில் கட்டிய விடுதி. சுவர், மேசை, கட்டில் அடித்தளம் எல்லாம் உப்பு. வெந்நீர் வந்தது, கம்பளியும் போதுமானது. இரண்டாம் நாள் ராத்திரிதான் சோதனை. பகலில் ஃபிளமிங்கோ நிற்கிற ஏரிகள், செங்கல் நிறத்தில் லகூனா கொலராதா, கண்ணுக்குக் குறைவில்லை. ராத்திரி 4,000 மீட்டருக்குமேல் ஒரு சத்திரம்: ஆறு பேருக்கு ஒரு அறை, பத்து மணிக்கு மேல் மின்சாரம் கிடையாது, குளிக்கத் தண்ணீர் கிடையாது. வண்டியில் விட்ட தண்ணீர் பாட்டில் காலையில் பாதி பனிக்கட்டி. தூங்குகிற பை வாடகைக்குத் தருகிறோம் என்று உயூனியில் கேட்டார்கள். வேண்டாம் என்று நான்தான் கஞ்சத்தனம் செய்தேன். விடியுமுன் 4,850 மீட்டரில் வெந்நீராவி ஊற்றுக்குக் கூட்டிப்போனார்கள். என் மனைவி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. டிரைவர் ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்து, கதவைச் சாத்தி, ஹீட்டரை ஓடவிட்டுவிட்டுத்தான் எங்களோடு வந்தார். கேட்காமலே செய்தார்.

உயூனி திரும்பியதும் எங்களை இறக்கிவிட்டு அவர் நேரே வண்டி கழுவுகிற இடத்துக்குத்தான் போனார். அடிச்சட்டத்தில் உப்பு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. என் பேன்ட்டும் முழங்காலுக்குக் கீழே காய்ந்து, கழற்றி வைத்தால் தானாக நிற்கிற பதம். முலுண்டில் மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகுதான் மடங்கியது. மாற்றுத் துணி கூடுதலாக எடுத்துப் போங்கள், ரப்பர் பூட்ஸ் அவர்களே தருகிறார்கள்.

டிரைவருக்கு ஐந்துக்கு ஐந்து. முதல் நாளுக்கு நாலரை, இரண்டாம் ராத்திரிக்கு ஒன்று. நேரம் குறைவென்றால் உப்புவெளி மட்டும் பார்க்கிற ஒருநாள் பயணமும் இருக்கிறது. வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப்போகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கொல்சானியில் ஒரு பாக்கெட் உப்பு வாங்கிவந்தேன், சில்லறைக் காசுதான். மாவு மாதிரி நைசாக இருக்கிறது. என் மனைவி ஒரு நாள் ரசத்தில் போட்டுப் பார்த்தாள், கை அளவு பிடிபடவில்லை, கரித்துவிட்டது. இப்போது அது ஷோகேஸில் டைனோசர் போட்டோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுப்படியில் மறுபடி தூத்துக்குடிக் கல்லுப்புதான்.